குரைப்பு யாருக்கு? ஊர்நாயின் குரலும் புடாபெஸ்ட் சோதனையும்

ஓநாயிடம் அரிதாகக் கேட்கும் குரைப்பு நாயிடம் பெருகியதற்குக் காரணம் மனிதனே. அவனுக்குச் செய்தி சொல்லவே நாய் அந்தக் குரலை வளர்த்துக்கொண்டது. விலங்கு நடத்தையியலில் ஒரு தரப்பார் இதை ஏறத்தாழ முடிந்த தீர்ப்பாகவே எழுதிவருகின்றனர். அவர்கள் திரும்பத் திரும்பச் சான்று காட்டுவது ஒரே சோதனைத் தொடரை. அந்தச் சான்று பிழையானதன்று. ஆனால் அதன்மீது ஏற்றப்பட்ட முடிவை அது தாங்காது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் ஊர்நாய்களை மனத்தில் வைத்துக்கொண்டு அதை மறுபடி படித்தால் இது தெளிவாகும்.

புடாபெஸ்டில் உள்ள ஏட்வேஷ் லோராண்ட் பல்கலைக்கழகத்தின் பீட்டர் பொங்ராட்ஸ் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வு அது. ‘முடி’ என்னும் ஹங்கேரிய மேய்ப்பு நாயினத்தின் குரைப்புகளை ஆறு சூழல்களில் பதிவுசெய்து மனிதர்களைக் கேட்கவைத்தனர். எந்தச் சூழல் என்பதைக் கேட்டவர்கள் குருட்டு ஊகத்தைவிட மிகச் சரியாகச் சொன்னார்கள். குரைப்பின் சுருதியும், ஒரு குரைப்புக்கும் அடுத்ததற்குமான இடைவெளியும் நாயின் மனநிலையை அவர்களுக்கு உணர்த்தின.

அந்த ஆறு சூழல்கள் எவை? அந்நியர் வீட்டு வாசலுக்கு வருவது, பயிற்சியாளர் பாயும்படி சீண்டுவது, உரிமையாளர் வாரை எடுத்து உலாவக் கிளம்புவது, மரத்தில் கட்டிவிட்டு அவர் போய்விடுவது, பந்தைத் தூக்கிக் காட்டுவது, கூடவே விளையாடுவது. ஆறிலும் ஒரு மனிதர் இருக்கிறார், அல்லது அவர் இல்லாததே சூழலாகிறது. மனிதனை முன்னிட்டு எழுந்த குரைப்புகளை மட்டும் திரட்டிவிட்டு, குரைப்பு மனிதனை முன்னிட்டே எழுகிறது என்று முடித்தால், அது போட்ட விதையை அறுவடையில் கண்டு வியப்பதுதான். குழுவினர் தாமே இவ்வளவு தூரம் போகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். மேற்கோள் காட்டியவர்கள்தாம் போனார்கள்.

செந்துறைப் பக்கத்து ஊர் ஒன்றின் இரவை எடுத்துக்கொள்வோம். இங்கே வார் இல்லை, பந்து இல்லை, உலாவ அழைத்துச்செல்பவரும் இல்லை. அயல்தெரு நாய் ஒன்று எல்லை தாண்டி வருகிறது. மணல் குவியல்மேல் படுத்திருந்த நாய் எழுந்து, விட்டுவிட்டு இரண்டு மூன்று முறை குரைக்கிறது. முன்னங்கால்கள் முன்னே நீள, பின்னுடல் பின்னுக்கு இழுக்கிறது. இரண்டடி முன்னே, ஓரடி பின்னே. டிராக்டர் டிரெய்லருக்கடியிலிருந்து ஒன்று, திண்ணையிலிருந்து ஒன்று என மற்றவை சேர்கின்றன. எண்ணிக்கை ஏற ஏற இடைவெளி குறைந்து குரைப்பு அடுக்கடுக்காகிறது, கூட்டமும் முன்னேறுகிறது. வந்த நாய் வாலை இடுக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குள் ஓடியதும், குரைக்கும் பொறுப்பு அத்தெரு நாய்களுக்குக் கைமாறுகிறது. இவ்வளவு நடந்தும் ஒரு வீட்டுக் கதவும் திறப்பதில்லை. முந்திரிக்காட்டோரம் ஆட்டுக்கிடை மடக்கியிருந்து, நரி வாடை அடித்தாலும் இதே ஒழுங்குதான். கிடைக்காரர் எழுந்துவருவது கூடுதல் பயன்.

ஓடவும் முடியாமல் பாயவும் துணியாமல் நிற்கும் விலங்கு, துணை சேர்த்து எதிரியைத் துரத்த எழுப்பும் குரலே குரைப்பு என்று கேத்ரின் லார்ட், மார்க் ஃபைன்ஸ்டைன், ரேமண்ட் காப்பிங்கர் மூவரும் 2009இல் வாதிட்டனர். பருந்தைச் சூழ்ந்து விரட்டும் பறவைகளின் நடத்தையோடு அதை ஒரே வகையில் வைத்தனர். மேற்சொன்ன இரவுக்கு இந்த விளக்கம் அப்படியே பொருந்துகிறது. உலக நாய்களில் பெரும்பகுதி இப்படிக் கட்டின்றித் திரிபவை; மாதிரியாக நிற்கும் தகுதி அவற்றுக்கே அதிகம்.

‘அப்படியானால் மனிதர்கள் எப்படிச் சரியாகக் கண்டுபிடித்தார்கள்?’ என்ற கேள்வி வரும். விடை அதே 2005 ஆய்வில் இருக்கிறது. முடி நாய் வளர்ப்பவர், வேறு நாய் வளர்ப்பவர், நாயே வளர்க்காதவர் என்ற மூன்று குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நாயோடு பழகாதவருக்கும் பிடிபடுகிறது என்றால், அந்தத் திறன் நாய் உறவால் வந்திருக்கத் தேவையில்லை. தாழ்ந்த கரடுமுரடான ஒலி பகை, உயர்ந்த இசைவான ஒலி அச்சம் அல்லது பணிவு என்ற விதி பறவைகளுக்கும் பாலூட்டிகளுக்கும் பொது என்று யூஜின் மார்ட்டன் 1977இலேயே எழுதினார். கேட்டவர்கள் அந்தப் பொதுவிதியைப் பயன்படுத்தினார்கள் என்பதே எளிய விளக்கம்.

இதைவிட வலுவான சான்று, அதிகம் பேசப்படாமல் கிடக்கிறது. அதே புடாபெஸ்ட் வட்டாரத்தின் 2006 ஆய்வில், இரண்டு குரைப்புகள் ஒரே நாயினுடையவையா என்று மனிதர்களால் பெரும்பாலும் நம்பகமாகச் சொல்ல முடியவில்லை. 2008இல் 14 நாய்களின் 6,000க்கும் மேற்பட்ட குரைப்புகளைக் கணினியிடம் கொடுத்தபோது அது சூழலை 43 விழுக்காடும், எந்த நாய் என்பதை 52 விழுக்காடும் சரியாகச் சொன்னது. ஆக, குரைப்பவர் யார் என்ற தகவல் ஒலிக்குள் இருக்கிறது; மனிதக் காதுக்குத்தான் எட்டவில்லை. நாய்களின் காதுக்கு எட்டுகிறது: ஒரே சூழலில் குரைக்கும் வெவ்வேறு நாய்களை நாய்கள் பிரித்தறிகின்றன என்று 2009இல் அதே வட்டாரம் காட்டியது. மனிதனுக்கென உருவான குரல், மனிதனால் படிக்க முடியாத கையொப்பத்தைச் சுமப்பானேன்?

குரைப்பு ஓநாயிடம் அரிது என்ற பக்கத்திலும் எச்சரிக்கை தேவை. டேராடூன் இந்திய வனவுயிர் நிறுவனத்தின் சௌகத சாதுகான், பிலால் ஹபீப் ஆகியோர் லாரன் ஹென்னலியுடன் 2019இல் இந்திய ஓநாயின் குரல்களை நான்கு வகையாகப் பிரித்தனர். ஊளையும் ஊளைக்குரைப்பும் அங்கே ஒரே வகை. தனிக் குரைப்பு பட்டியலில் இல்லாததைக் கண்டு, நம் ஓநாய் குரைக்காது என்று படிப்பது தவறு. அந்த ஆய்வு எடுத்துக்கொண்டது இசைவான குரல்களை மட்டுமே. இரைச்சல் தன்மையுள்ள உறுமலும் குரைப்பும் தொடக்கத்திலேயே வெளியே நின்றுவிடுகின்றன.

மனிதரோடு பழகும் விலங்கிடம் குரைப்பு பெருகும் என்பதற்கு, சைபீரியாவில் பழகும் தன்மைக்கெனத் தேர்ந்து வளர்த்த நரிகளை எதிர்வாதமாகக் காட்டுவதுண்டு. அவை மனிதரிடம் தனிச்சிறப்பாக எழுப்பியது கொக்கரிப்பும் இளைப்பொலியும். குரைப்போ பழகியவை, பழகாதவை என எல்லா வகை நரிகளுக்கும் பொதுவாகவே இருந்தது. அந்த வாதத்தை இதற்குமேல் தொடரவேண்டியதில்லை.

வீட்டு நாய் காலப்போக்கில் குரைத்துக் காரியம் சாதிக்கக் கற்பதை இக்கட்டுரை மறுக்கவில்லை. கற்றதும் தோன்றியதும் வெவ்வேறு கேள்விகள். இரண்டாவதற்கு விடை தேட, சூழல்களின் பட்டியலை நாயின் பக்கமிருந்து எழுதவேண்டும்: அயல்தெரு நாய் நுழைவது, கிடையருகே நரி, குட்டிபோட்ட நாயை ஆள் நெருங்குவது, கறிக்கடை வாசலில் எலும்புக்குப் போட்டி, கார்த்திகையில் பெட்டையைச் சுற்றிய கூட்டம். வேப்பந்தட்டையிலோ திருமானூரிலோ இவற்றைப் பதிவுசெய்வது கடினமன்று. கேட்பவர்களாக ஊர்மக்களையும் வைக்கலாம். ஆனால் முதலில் அந்தப் பதிவுகளை ஒலிக்கவிட வேண்டியது அடுத்த தெரு நாய்களுக்கு.