பழைய டிராக்டர் வாங்கிய தேசம்

பிளவக்கல் பக்கம் சீமைக்கருவேல் மண்டிய நிலத்தைத் திருத்தப் பழைய டிராக்டர் ஒன்றை வாங்க எண்ணுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை குதிரைத்திறன் என்றுதானே முதலில் கேட்பீர்கள்? நம் நாடே ஒருமுறை பழைய டிராக்டர் வாங்கிய கதையைக் கேளுங்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், அமெரிக்க ராணுவம் இங்கே விட்டுச்சென்ற சங்கிலிச் சக்கர டிராக்டர்களைக் கொண்டு மத்திய டிராக்டர் நிறுவனம் வேலையைத் தொடங்கியது. மத்திய இந்திய வயல்களைக் ‘கான்ஸ்’ என்னும் நாணல் விழுங்கியிருந்தது. அதன் வேர்த்தண்டுகள் நாட்டுக் கலப்பைக்கு எட்டாத ஆழத்தில் ஓடுபவை. கோடையில் ஆழ உழுது, அவற்றை வெயிலில் காயவிட வேண்டும். போரில் தேய்ந்த வண்டிகளைப் பழுதுபார்த்தே ஓட்ட வேண்டியிருந்தது. 1949-இல் உலக வங்கி ஒரு கோடி டாலர் கடனுக்கு இசைந்தது. புதிய கனரக டிராக்டர்கள் வந்தன.

ஏன் கனரகம்? எஞ்சின் எவ்வளவு முறுக்கினாலும், இழுவிசை சக்கரத்தின் மேல் விழும் எடையையும் தரைப்பிடிப்பையும் தாண்டாது. சிறிய டிராக்டர் ஈர மண்ணில் சுழன்றுகொண்டே நிற்கும். கருவேல் மூட்டைச் சங்கிலியால் பிடுங்குவது இன்னும் மோசம். சங்கிலியைப் பின் அச்சுக்கு மேலே கட்டினால், முன்சக்கரம் எழும்பி வண்டி பின்புறமாகக் கவிழும். ஓட்டுபவர் குதிக்கவும் நேரம் இராது.

மூட்டுக்கு ஏற்றது மண்வாரிக் கை. இங்கிலாந்தில் பாம்ஃபோர்டு 1953-இல் அதை டிராக்டரோடு இணைத்தார். இந்தியாவில் அதற்கான கூட்டு நிறுவனம் 1979-இல் அமைந்தது. அது இழுப்பதில்லை; கால்களை ஊன்றி, வேரைச் சுற்றித் தோண்டுகிறது. பழையது வாங்கும்போது கையை முழுதும் நீட்டச் சொல்லி, மூட்டு ஆணிகளில் ஆட்டம் இருக்கிறதா, எண்ணெய் கசிகிறதா என்று பாருங்கள். எஞ்சின் சத்தத்தைப் பிறகு கேட்கலாம்.