ஒரு செடி மருந்தான வரலாறு

நீரிழிவு நோயாளிகள் இல்லாத குடும்பம் இன்று நம் சமுதாயத்தில் அரிது. மருத்துவர் எழுதிக் கொடுத்த மெட்ஃபார்மின் மாத்திரையை ‘இங்கிலீஷ் மருந்து’ என்று ஒதுக்கிவிட்டு, வெந்தயத்தையும் சிறுகுறிஞ்சான் பொடியையும் மட்டுமே நம்பியிருப்போரும் நம்மிடையே உளர். அம்மாத்திரையின் தொடக்கமும் ஒரு செடியே என்பதைப் பலர் அறியார். அந்த வரலாற்றை நாம் அறிந்துகொள்வது நலம்.

மூலிகைகளை ஆராயும் முறைக்கு நம் முன்னோர் ஆற்றிய பங்கு பெரிது. ஹிஜ்ரி 428-இல் (கி.பி. 1037) மறைந்த இப்னு சீனா, தமது ‘அல்கானூன் ஃபித் திப்’ நூலின் இரண்டாம் பாகத்தில் நூற்றுக்கணக்கான தனி மருந்துகளை வகைப்படுத்தினார். அவற்றைச் சோதிக்கும் விதிகளையும் அங்கேயே வகுத்தார். மருந்தில் வேறு கலப்பு இருத்தல் கூடாது; பல நோய்கள் கலந்த நிலையில் அன்றி, ஒரே நோயில் அதனைச் சோதிக்க வேண்டும்; பலன் ஒருமுறை தோன்றினால் போதாது, தொடர்ந்து காணப்பட வேண்டும்; விலங்கில் கண்ட பலன் மனிதனிடமும் மெய்ப்பிக்கப்பட வேண்டும். இவை அவற்றுள் சில.

இவ்விதிகளின் தேவையைக் ‘கலேகா அஃபிசினாலிஸ்’ என்னும் செடியின் கதை தெளிவாக உணர்த்துகிறது. அது ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் வளரும், அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த செடி. ஐரோப்பிய நாட்டு வைத்தியர்கள் பால் சுரப்பிற்கும் வேறு பல நோய்களுக்கும் அதனைக் கொடுத்து வந்தனர். ஆயினும் அதனை மிகுதியாக மேய்ந்த ஆடுகள் இறந்ததும் உண்டு. நலம் தரும் பொருளும் நஞ்சும் ஒரே செடியில் இருந்தன.

அச்செடியில் குவானிடின் வகையைச் சேர்ந்த கலேஜின் என்னும் சேர்மம் உள்ளது. குவானிடின் விலங்குகளின் இரத்தச் சர்க்கரையைக் குறைப்பதை 1918-இல் வாட்டனாபே என்னும் ஆய்வாளர் வெளியிட்டார். 1920-களில் கலேஜினை நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தனர். அதன் பலன் நீடிக்கவில்லை, நச்சுத்தன்மையும் இருந்தது. அதே வகையில் செயற்கையாக உருவாக்கப்பட்ட சிந்தலின் என்னும் மருந்து 1926-இல் ஜெர்மனியில் அறிமுகமாயிற்று. அதுவும் உடலுறுப்புகளுக்குத் தீங்கு செய்ததால் பின்னர் கைவிடப்பட்டது.

இதற்கிடையே 1922-இல் டப்ளின் நகரில் வெர்னரும் பெல்லும் மெட்ஃபார்மினை ஆய்வகத்தில் உருவாக்கியிருந்தனர். அதே ஆண்டில் இன்சுலின் சிகிச்சை தொடங்கியது. உலகின் கவனம் முழுவதும் அதன்பால் சென்றது. மெட்ஃபார்மின் பல ஆண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்தது. 1957-இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன், நீரிழிவு நோயாளிகளிடம் அதன் பலனை ஆராய்ந்து வெளியிட்டார்.

அதன் பின்னரும் சோதனை முடியவில்லை. மெட்ஃபார்மினின் இனத்தைச் சேர்ந்த ஃபென்ஃபார்மின் இரத்தத்தில் லாக்டிக் அமிலத்தை ஆபத்தான அளவுக்கு உயர்த்தியதால், 1970-களின் இறுதியில் பல நாடுகளில் விலக்கப்பட்டது. மெட்ஃபார்மினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1994-இல்தான். 1998-இல் வெளியான பிரிட்டனின் நெடுங்கால ஆய்வில், உடற்பருமன் மிக்க நோயாளிகளில் மெட்ஃபார்மின் உட்கொண்டவர்களின் மரண விகிதம், உணவுக் கட்டுப்பாட்டை முதன்மையாகக் கொண்டவர்களைவிட 36 விழுக்காடு குறைவாக இருந்தது.

செடியை நஞ்சினின்று பிரித்து மருந்தாக்கியது இந்த நீண்ட சோதனையே. வெந்தயத்தின் நார்ச்சத்து, உணவிலுள்ள சர்க்கரை இரத்தத்தில் சேரும் வேகத்தைக் குறைக்கிறது. சிறுகுறிஞ்சானை மென்றால் நாவில் இனிப்புச் சுவை சிறிது நேரம் மறைகிறது. அவற்றில் நன்மை இல்லை என்று நாம் கூறவில்லை. ஆனால் கடையில் வாங்கும் பொடியில் செயல்படும் பொருள் எவ்வளவு உள்ளது என்பது நமக்குத் தெரியாது. இலைக்கு இலை, நிலத்துக்கு நிலம் அது மாறும். ஒவ்வொன்றையும் ஓர் அளவின்படியே அல்லாஹ் படைத்தான் என்று குர்ஆனில் ஓதும் நாம், மருந்தில் அளவைப் பொருட்படுத்தாதிருத்தல் தகுமா?

மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர், அதனால் விளையும் தீங்குக்குப் பொறுப்பாவார் என்ற கருத்தில் ஹதீஸும் வந்துள்ளது. கேள்விப்பட்ட மருந்துகளைச் சரிபார்க்காமல் உறவினர்க்குச் சொல்வோரும் பகிர்வோரும் இதனைச் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

ஆகவே, பொடியை நம்பி மாத்திரையையோ இன்சுலினையோ நாமாக நிறுத்தலாகாது. இரண்டையும் சேர்த்து உட்கொண்டால் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறையவும் கூடும். வீட்டில் எந்த மூலிகையை உட்கொண்டாலும் அதனை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுவோம். ரமளான் நோன்புக்கு முன்னரே அவரைக் கண்டு, மருந்தின் அளவையும் நேரத்தையும் கேட்டறிவோம். நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக. ஆமீன்.