மூன்றாம் நாள் காய்ச்சல்



டென்மார்க்கில் என் இரண்டாவது பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல் வந்தது. "பால் கட்டின காய்ச்சலாயிருக்கும்" என்று ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் சொன்னா. ஆனால் உதிரப்போக்கில் கெட்ட வாடை இருந்தது. எனக்கு மொழிபெயர்க்க நின்றவன் எட்டு வயது மகன். அவனிடம் இதை எப்படிச் சொல்வது? ஒரு நாள் முழுவதும் மறைத்தேன். மறுநாள் மருத்துவிச்சி தானே கவனித்து, பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினா. கிருமி தெரிந்தது, மருந்து கிடைத்தது.

அந்தப் பஞ்சுக்குச்சிக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பிரசவ மனைகளில் இக்காய்ச்சலால் தாய்மார் வரிசையாக இறந்தார்கள். 1847இல் வியன்னாவில் செமல்வைஸ் என்ற வைத்தியர், பிணப்பரிசோதனை செய்த கையோடு பிரசவம் பார்ப்பதே காரணம் என்றார். குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். அவருடைய பிரிவில் 1846இல் நூற்றுக்குப் பதினொரு தாய்மார் இறந்தார்கள். 1848இல் ஏறக்குறைய ஒருவர்தான்.

அக்காலத்தில் டென்மார்க் மன்னரின் ஆட்சியில் இருந்த கீல் நகரில் மிக்கேலிஸ் என்ற வைத்தியர் இதை நம்பினார். தன் கையே தன் உறவுப்பெண்ணுக்கு நோயைக் கொண்டுபோனது என்ற துயரில், 1848இல் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் மூலம் செய்தி அறிந்த கோப்பன்ஹேகன் பிரசவ மனையின் பேராசிரியர் லெவியோ ஏற்கவில்லை. கண்ணுக்கே தெரியாத அவ்வளவு சிறிய அழுக்கு இத்தனை பேரைக் கொல்லுமா என்பது அவர் கேள்வி. அதைக் காட்ட அன்று எவரிடமும் வழி இருக்கவில்லை.

1879இல் பரிசில் பாஸ்டர், இந்நோயாளரிடம் கண்ட மணிமாலை போன்ற கிருமியை வரைந்து காட்டினார். 1884இல் கோப்பன்ஹேகனில் பிறந்த ஹான்ஸ் கிறிஸ்தியன் கிராம், பெர்லினில் வேலைசெய்தபோது ஊதாச் சாயமும் அயடீனும் மதுசாரமும் கொண்டு ஒரு முறையைக் கண்டார். சில கிருமிகள் ஊதா நிறத்தைப் பிடித்துவைக்கும், சில விட்டுவிடும். அந்த மணிமாலைக் கிருமி பிடித்துவைக்கும் வகை. லெவியின் கேள்விக்கான விடையை இன்னொரு டேனியர் கண்முன் காட்ட உதவினார். இன்றும் ஆய்வுகூடங்களில் அது 'கிராம் சாயம்'தான்.

ஆனால் நாம் வாய் திறக்காவிட்டால் மாதிரி எடுக்கவே எவருக்கும் தோன்றாது. சகோதரிகளே, பிள்ளை பெற்றபின் காய்ச்சலோ, அடிவயிற்று நோவோ, கெட்ட வாடையோ இருந்தால் உடனே சொல்லுங்கள். பிள்ளையை அல்ல, பெரிய மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.