மாண்டிசோரி கல்வி: அடையாறும் கொடைக்கானலும்

குழந்தை தன் வேலையைத் தானே தேர்ந்துகொண்டு, தன் வேகத்தில் கற்கும் கல்விமுறை. இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி (1870–1952), 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் கூலிவேலைக்குப் போவோரின் பிள்ளைகளுக்காக நடத்திய 'குழந்தைகள் இல்லத்தில்' இது உருப்பெற்றது.

இம்முறை முதிர்ச்சி பெற்றதில் தமிழ்நாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. 1939இல் பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேல், அவர் மனைவி ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பில் மாண்டிசோரி அம்மையார் மகன் மரியோவுடன் அடையாற்றில் உள்ள அச்சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1940 ஜூனில் இத்தாலி பிரிட்டனுக்கு எதிராக இரண்டாம் உலகப் போரில் இறங்கியதும், எதிரி நாட்டவர் என்று மரியோ சிறைவைக்கப்பட்டார்; தாயின் 70ஆம் பிறந்தநாளையொட்டி விடுவிக்கப்பட்டார். 1942 முதல் இருவரும் கொடைக்கானலில் தங்கினர். அங்கே பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாகப் பயின்றதைக் கவனித்தே, ஆறு வயதுக்கு மேற்பட்டோருக்கான அண்டக் கல்வியை, அதாவது உலகில் எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதைக் காட்டும் கல்வியை, வகுத்தனர். பிறந்தது முதல் ஆறு வயதுவரை குழந்தை தன் சூழலை எப்படி உள்வாங்குகிறது என்று விளக்கும் அம்மையாரின் முக்கிய நூல் 1949இல் அடையாறில்தான் வெளிவந்தது.

பெற்றோராக இம்முறையைக் கற்றவர்களில் முதலில் நினைக்கத்தக்கவர் குஜராத்தின் கிஜுபாய் பதேகா. வழக்கறிஞராக இருந்தவர், மகன் பிறந்தபின் மாண்டிசோரியைப் படித்தார். 1920இல் பாவ்நகரில் பாலர் பள்ளி தொடங்கினார்.

பெற்றோர் பழகவேண்டிய முதல் வேலை, குறுக்கிடாமல் கவனிப்பது. இரண்டு வயதுக் குழந்தை, செம்பு வழக்கமான இடத்தில் இல்லையென்று அழுதால் அது அடம் அல்ல. ஒழுங்கை நாடும் பருவம். அதே செம்பில் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கொட்டுவதும் விளையாட்டு மட்டுமல்ல, கையும் கண்ணும் இணங்கப் பழகும் உழைப்பு. தென்காசி மாவட்டம் புளியறை போன்ற எல்லையோரச் சிற்றூரில் விலையுயர்ந்த கருவிகள் கிடைக்கவில்லையே என்று வருந்தவேண்டியதில்லை. பயறு பொறுக்குவது, துணி மடிப்பது, வெங்காயம் உரிப்பது எல்லாமே அம்மையார் வகுப்பறைக்குள் கொண்டுவந்த அன்றாட வேலைகளின் இனம்தான். பெரியவர் ஒருமுறை மெதுவாகச் செய்துகாட்டிவிட்டு விலகியிருந்தால் போதும். சிந்தினால் துடைக்க ஒரு துணியும் பக்கத்தில் இருக்கட்டும்.

'மாண்டிசோரி' என்ற பெயரை எந்தப் பள்ளியும் வைத்துக்கொள்ளலாம், தடையில்லை. ஆகவே சேர்க்குமுன், பல வயதினர் ஒரே அறையில் இருக்கிறார்களா, மணியடித்துக் கலைக்காமல் காலையில் நெடுநேரம் வேலைசெய்ய விடுகிறார்களா, மூன்று வயதிலேயே வீட்டுப்பாடம் உண்டா என்று பெற்றோர் நேரில் பார்த்துக் கேட்கவேண்டும்.