நாலு நூல் போல்ட்டும் மூன்று தேசத்து மரையும்

கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த கிணற்று மேட்டில் ஆயில் என்ஜின் வந்து உட்கார்ந்த காலத்தைப் பார்த்தவர்கள் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். கரண்டு கம்பி எட்டாத காட்டில் அந்த என்ஜின் நின்றால் பயிர் வாடும். அதனால் கிடைத்த போல்ட்டைப் போட்டு ஓட்டிவிடுவது வழக்கம். கிராங்க் கோடியில் உள்ள மரை போவதற்கு, என் கணக்கில், பாதிக்கு மேல் அதுதான் காரணம்.

மெதுவாக ஓடும் லிஸ்டர் ரக என்ஜினில் பிளைவீலைக் கீ அடித்து இறுக்குவார்கள். அங்கே இந்தத் தொல்லை குறைவு. லாரி, டிராக்டர் போன்றவற்றில் கிராங்க் கோடியில் துளை போட்டு, உள்ளே மரை வெட்டி, போல்ட்டால் பிளைவீலைப் பிடித்திருக்கும். அந்த மரை வழித்துக்கொண்டால் பிளைவீல் ஆட ஆரம்பிக்கும். ஓட்டத்தில் அது கழன்றால் பக்கத்தில் நிற்பவன் உயிருக்கே ஆபத்து.

மரைக்கு ஒரு பொது அளவு வந்தது 1841இல். இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் பல பட்டறைகளின் போல்ட்டுகளைச் சேகரித்து அளந்து, சராசரி எடுத்து, மரையின் கோணம் 55 டிகிரி என்று வைத்தார். அதற்கு முன்பு ஒரு பட்டறை போல்ட் இன்னொரு பட்டறை நட்டில் ஏறாது. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864இல் 60 டிகிரி என்று வேறு அளவு சொன்னார். ஐரோப்பாக்காரர்களுக்கு மில்லிமீட்டர் கணக்கு.

நமக்கு மூன்றுமே வந்து சேர்ந்தன. ஆயில் என்ஜின் இங்கிலாந்து மரையோடு வந்தது. யுத்தத்துக்குப் பிறகு வந்த ஜீப்பில் அமெரிக்க மரை. 1954இல் ஜாம்ஷெட்பூரிலிருந்து வர ஆரம்பித்த டாடா மெர்சிடிஸ் லாரியில் ஜெர்மன்காரனின் மில்லிமீட்டர் மரை. மூன்றின் போல்ட்டும் கடைசியில் பட்டறையில் ஒரே தகர டப்பாவில்தான் கிடக்கும்.

நாம் போல்ட்டை எப்படிக் கேட்போம்? "நாலு நூல் போல்ட் கொடு" என்போம். ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. நாலு நூல் அரை அங்குலம். ஆனால் நூல் கணக்கு தடிமனை மட்டும்தான் சொல்லும், மரையைப் பற்றி வாய் திறக்காது. அரை அங்குல விட்வொர்த் போல்ட்டில் அங்குலத்துக்கு 12 மரை. அதே அரை அங்குல அமெரிக்கப் போல்ட்டில் 13. ஒன்றை இன்னொன்றின் துளையில் விட்டால் இரண்டு மூன்று சுற்று சுகமாக ஏறும், அப்புறம் இறுகும். சரியாக உட்கார்ந்துவிட்டது என்று நினைத்து ஸ்பேனருக்குக் குழாய் மாட்டி இழுத்தால் மரை போச்சு. மூணு நூலில் இரண்டுக்கும் 16 மரைதான், அதனால் ஓரளவு தப்பிக்கும். 12 மில்லிமீட்டர் போல்ட் இன்னும் மோசம். நாலு நூல் என்பது 12.7 மில்லிமீட்டர். அந்தத் துளையில் இது தொளதொளவென்று, நுனி மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும்.

இந்தக் கஷ்டம் பெரிய தேசங்களுக்கும் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஒரே அணியில் நின்ற இங்கிலாந்தும் அமெரிக்காவும் ஒருவர் போல்ட்டை இன்னொருவர் பயன்படுத்த முடியாமல் திண்டாடினார்கள். 1948 நவம்பரில் கனடாவையும் சேர்த்துக்கொண்டு வாஷிங்டனில் ஒரு பொது மரைக்குக் கையெழுத்துப் போட்டார்கள். நம் நாட்டில் 1956இல் மெட்ரிக் அளவுச் சட்டம் வந்தது. படியும் வீசையும் போய் லிட்டரும் கிலோவும் வந்தன. நூல் மட்டும் பட்டறையை விட்டுப் போகவில்லை.

மரை போன கிராங்கை என்ன செய்வது? தூக்கிப் போட்டால் புதிது வாங்கக் காசு வேண்டும். மேலாக நசுங்கியிருந்தால் அதே அளவு டேப்பை எண்ணெய் விட்டு ஓட்டினாலே போதும். முழுதும் வழித்திருந்தால் துளையைப் பெரிதாக்கி நாலரை நூலுக்கு மரை வெட்டி, ஒரு பக்கம் நாலரை, மறுபக்கம் நாலு நூலாக லேத்தில் ஒரு ஸ்டட் கடைந்து போடுவார்கள். பிளைவீல் துளையைத் தொட வேண்டியதில்லை. துளை இம்மி சாய்ந்தாலும் போல்ட் தலை ஒரு பக்கமாக உட்காரும். அதற்காகப் பிளைவீலையே மாட்டி, அதன் துளை வழியாகவே டிரில்லை இறக்குவார்கள். நல்ல கைக்காரர்கள் இரும்புப் புஷ் போட்டு, அதற்குள் பழைய அளவுக்கே மரை வெட்டிக் கொடுப்பதும் உண்டு. இப்போது எவர்சில்வர் கம்பிச் சுருளாகவே கிடைக்கிறது; துளைக்குள் திருகிவிட்டால் புது மரை.

வெல்டிங் வைத்து அடைத்துவிடலாம் என்று சொல்பவர்களை மட்டும் நம்பக்கூடாது. கிராங்க் பதம் பார்த்த எஃகு. ஓரிடத்தில் சூடு ஏறினால் வளையும். சூடு பட்ட ஓரத்தில் மயிரிழை விரிசல் விட்டு, ஒரு நாள் ஓட்டத்தில் இரண்டாக முறியும்.

பழைய துளையில் எந்த மரை இருக்கிறது என்று பார்க்கப் பிட்ச் கேஜ் என்று சீப்பு மாதிரி ஒன்று உண்டு. அது கையில் இல்லாவிட்டால், கழற்றிய போல்ட்டையும் புதிய போல்ட்டையும் பல்லோடு பல் சேர்த்து வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இடையில் கீற்று வெளிச்சம் தெரிந்தால் அது வேறு தேசத்து மரை.