ஒருபுறம் சாயும் சிறகு

பட்டம் விடும் சிறுவர்க்கும் தெரிந்த உண்மை ஒன்று உண்டு. பட்டம் எப்போதும் ஒரே பக்கமாகச் சாயுமாயின் காற்றைக் குறை கூறிப் பயனில்லை. அதன் இரு பக்கங்களும் நிறையிலோ வளைவிலோ ஒத்திருக்கவில்லை என்பதே பொருள். மறுபக்கத்தில் ஒரு துண்டுத் துணியைக் கட்டினால் பட்டம் நிமிர்ந்துவிடும். மனிதன் பறக்கக் கற்ற வரலாற்றிலும் இச்சிக்கல் பெரிதாகவே எழுந்தது. ஆனால் அங்குத் தவறினால் அறுந்து போவது நூல் அன்று, உயிர்.

கடலிற் செல்லும் கப்பலைத் திருப்பச் சுக்கான் ஒன்றே போதும். வானூர்திக்கோ மூன்று அசைவுகள் உண்டு. மூக்கு ஏறி இறங்குவது ஒன்று. இடம் வலமாகத் திரும்புவது மற்றொன்று. ஓர் இறக்கை தாழ மற்றது உயர்வது மூன்றாவது. இம்மூன்றாவதாகிய பக்கச் சாய்வே அறிஞரை நெடுங்காலம் அலைக்கழித்தது. செருமானியரான ஓட்டோ லிலியந்தால் மிதவை ஊர்தியில் தொங்கியவாறு, தம் உடலையே இங்குமங்கும் அசைத்துச் சமநிலை காத்தார். 1896ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவர் ஊர்தி நிலைகுலைந்து வீழ்ந்தது. மறுநாள் அவர் உயிர் நீத்தார். உடலசைவு மட்டும் போதாது என்பதை உலகம் உணர்ந்தது.

அமெரிக்காவில் சைக்கிள் கடை நடத்திய ரைட் சகோதரர்கள் வேறு வழியிற் சிந்தித்தனர். சைக்கிள் தானாக நிமிர்ந்து நிற்பதில்லை. ஓட்டுபவனே அதை நிமிர்த்துகிறான். அவ்வாறே, தானே சமநிலை கொள்ளும் ஊர்தியைத் தேடுவதினும், ஓட்டுபவன் கையில் அதனை ஆளும் கருவியைத் தருவதே தக்கது என அவர்கள் கண்டனர். 1899இல் ஐந்தடி அகலமுள்ள இரட்டையிறக்கைப் பட்டம் ஒன்றைச் செய்து, நூல்களை இழுத்து அதன் இறக்கைகளை முறுக்கிப் பார்த்தனர். ஒருபுறத்து இறக்கை காற்றை அதிகம் எதிர்கொண்டு உயர்ந்தது, மறுபுறம் தாழ்ந்தது. வானூர்தியின் பக்கச் சாய்வை அடக்கிய சோதனை, ஒரு பட்டத்தில்தான் தொடங்கியது.

ஆயினும் ஒரு குறையைத் தீர்த்த மருந்து மற்றொரு நோயைத் தந்தது. 1901இல் அவர்கள் செய்த மிதவை ஊர்தியில், உயர்ந்த இறக்கை காற்றின் தடையையும் மிகுதியாக ஏற்றுப் பின்வாங்கியது. ஊர்தி எதிர்த்திசையில் திரும்பலாயிற்று. 1902இல் பின்புறம் நிலையான வால் ஒன்றை அமைத்தனர், அதுவும் போதவில்லை. வாலை அசையும் சுக்கானாக்கி, இறக்கையை முறுக்கும் கயிற்றோடே பிணைத்த பின்னரே தொல்லை நீங்கியது.

1903 டிசம்பர் 17ஆம் நாள் பறந்த அவர்களுடைய விமானத்தில் மற்றொரு நுட்பம் உண்டு. எந்திரம் நடுக்கோட்டுக்கு வலப்புறத்திலும், ஓட்டுநர் படுக்கும் இடம் இடப்புறத்திலும் இருந்தன. எந்திரம் மனிதனினும் ஏறக்குறைய 30 முதல் 40 இராத்தல் கனமானது. ஆகவே வலப்பக்க இறக்கையை நான்கு அங்குலம் நீளமாகச் செய்தனர். இரு விசிறிகளும் எதிரெதிராகச் சுழலும்படி ஒரு சங்கிலியைக் குறுக்காக மாட்டினர். இல்லையேல் சுழற்சியின் எதிர்விசை ஊர்தியை ஒருபுறம் புரட்ட முயன்றிருக்கும்.

இங்கே நாம் கருதத்தக்க உண்மை ஒன்றுளது. சாய்வு இருவகைப்படும். காற்றடிக்கும்போது வந்து போவது ஒன்று. அதனைத் திருத்த அசையும் கருவி வேண்டும். ஊர்தியின் அமைப்பிலேயே ஊறிக் கிடப்பது மற்றொன்று. அதனை அமைப்பிலேயே திருத்துதல் வேண்டும். பின்னதை ஓட்டுநரின் கைவலிமையால் சமாளிக்க முயன்றால், சிறிது நேரத்தில் கை சோரும், கவனமும் சிதறும்.

முறுக்கும் இறக்கைக்குப் பதிலாக, இறக்கையோரத்தில் கீல் பூட்டிய மடல் பின்னர் வந்தது. பிரெஞ்சு மொழியில் அதற்கு 'எய்லரான்', அதாவது சிறு சிறகு, என்று பெயர். இங்கிலாந்தில் போல்டன் என்பார் 1868லேயே இத்தகைய கருவிக்கு உரிமைப் பத்திரம் பெற்றிருந்தார். ஆனால் அதைப் பொருத்திப் பார்க்க அன்று விமானம் இல்லை. 1908இல் பிரான்சில் ஹென்றி ஃபார்மன் அதனைத் தம் விமானத்திற் பயன்படுத்தினார்.

இப்புதுமை நம் பக்கங்களுக்கும் விரைவில் வந்தது. 1910இல் சென்னையில் உணவு விடுதி நடத்திய டி ஆஞ்சலிஸ், சிம்சன் கம்பெனியாரைக் கொண்டு ஒரு விமானம் கட்டுவித்துத் தீவுத்திடலில் பறந்து காட்டினார். 1911 மார்ச்சில் பெல்ஜியரான ஜோசப் கிறிஸ்டியன்ஸ் சிங்கப்பூரில் பிரிஸ்டல் விமானத்தை ஓட்டினார். அவ்வகை விமானத்தின் மடல்களைக் கம்பியால் கீழே இழுக்க மட்டுமே முடியும்; மேலே தூக்குவது காற்றின் வேலை. தரையில் நிற்கும்போது அவை தொங்கிக் கிடக்கும்.

பினாங்கில் பாயான் லெப்பாஸ் விமான நிலையம் 1935இல் திறக்கப்பட்டது. போருக்கு முன் பினாங்கிலும் ஒரு பறத்தற் கழகம் இயங்கியது. அக்காலத்துக் கழகங்கள் பெரிதும் நம்பிய 'மோத்' வகை இரட்டையிறக்கை விமானங்களில், ஓர் இறக்கை தாழ்ந்து பறந்தால், கம்பிகளை முறுக்கியும் தளர்த்தியும் இறக்கையின் கோணத்தைச் சிறிது மாற்றிச் சரிசெய்வர்.

வீட்டிலேயே சிறு விமானம் கட்டுவோர்க்கு இன்றும் இதே பாடந்தான். விமானம் இடப்புறம் சாய்ந்தால் முதலில் காரணம் தேட வேண்டும். இருபுறத் தொட்டிகளிலும் எண்ணெய் சமமா? இரு இறக்கைகளும் ஒரே கோணத்தில் உள்ளனவா? மடல்கள் நேராக நிற்கின்றனவா? இவை சரியான பின்னும் சாய்வு எஞ்சினால், இடப்பக்க மடலின் பின்விளிம்பில் ஒரு சிறு தகட்டைப் பொருத்தி மேல்நோக்கி வளைப்பர். காற்று அத்தகட்டைக் கீழே அழுத்தும்; மடல் தாழும்; தாழ்ந்த மடல் இறக்கையை உயர்த்தும். மேலே வளைத்த தகடு கீழிறக்கி, கீழிறங்கிய மடல் மேலேற்றுகிறது!

காரணம் அறியாது தகட்டை வளைப்பவன் குற்றத்தை மறைக்கிறான். அறிந்து வளைப்பவனே அதனைத் திருத்துகிறான். ரைட் சகோதரர்கள் நீட்டிய நான்கு அங்குலம் நமக்கு உணர்த்துவது இதுவே.