அரைகல்லும் மின்பொறியும்

அரசுகள் எழுந்ததையும் வீழ்ந்ததையும் வரலாற்று நூல்கள் விரித்துரைக்கின்றன. அடுக்களையில் வழிவழி வரும் ஒரு சுவையின் வரலாற்றை எழுதப் புகுவோர் சிலரே. மெக்சிக்கோ மக்கள் நாள்தோறும் உண்ணும் ‘சல்சா’ என்னும் தக்காளித் துவையல் அத்தகையதொரு வரலாறு உடையது.

தக்காளியின் காட்டினம் தென்னமெரிக்காவின் மேற்குப் பகுதிக்கு உரியது. அதனைப் பயிராக்கிப் பெருங்கனியாக வளர்த்த பெருமை மெக்சிக்கோவின் பழங்குடிகளையே பெரிதும் சாரும். அவர்தம் நாவாத்தில் மொழியில் வழங்கிய ‘தோமாத்தில்’ என்ற சொல்லே ஸ்பானிய மொழி வழியாக மருவி ஐரோப்பிய மொழிகள் பலவற்றிற் புகுந்தது.

1521ஆம் ஆண்டில் ஸ்பானியர் அசுத்தெக்கு மக்களின் தலைநகராகிய தெனோச்தித்லானை வீழ்த்தினர். கோயில்கள் இடிந்தன, ஆட்சி மாறியது. 1529இல் அந்நாட்டை அடைந்த பெர்னார்டினோ டி சாகுன் என்னும் துறவியார், தோல்வியுற்ற மக்களின் மொழியைக் கற்று அவர்தம் வாழ்வை நூலாக எழுதுவித்தார். மிளகாய், தக்காளி, பூசணி விதை ஆகியவற்றைக் கொண்டு ஆக்கிய துவையல்களைச் சந்தையில் விற்றோரையும் அந்நூல் மறவாது குறிக்கின்றது. வீழ்ந்த பேரரசின் அடுக்களை வீழவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஸ்பானியர் கொணர்ந்த பெருவெங்காயம், கொத்தமல்லி, தேசிக்காய் ஆகியன பின்னர் இத்துவையலிற் கலந்தன. ‘சல்சா’ என்ற பெயரும், உப்பிட்டது எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று பிறந்ததே. ஆயினும் தக்காளியும் மிளகாயும் அம்மண்ணுக்கே உரியன. அவற்றை அரைத்த கருவியும் அவ்வாறே. எரிமலைக் கல்லிற் குடைந்து மூன்று கால்களுடன் அமைத்த அக்கல்லினை ‘மொல்காகெத்தே’ என்பர். சுட்ட தக்காளியும் மிளகாயும் அதன் சொரசொரப்பான அகட்டில் நசுங்கிச் சாறும் சதையும் ஒன்றுபடும்.

நூற்றாண்டுகள் பல கழிந்தபின் புதியதொரு கருவி தோன்றியது. 1960களில் பிரான்சு நாட்டவரான பியர் வெர்துன், உணவு விடுதிகளுக்கென, கிண்ணத்தின் அடியிற் சுழலும் கூரிய அலகுடைய மின்பொறியொன்றை ஆக்கினார். கார்ல் சொந்தைமர் என்னும் பொறியியலாளர் அதனை இல்லங்களுக்கு ஏற்றவாறு திருத்தி, 1973இல் சிக்காகோ நகரத்துக் கண்காட்சியில் வைத்தார். நெடுநேரக் கைவேலை சில நொடிகளில் முடியலாயிற்று.

எனினும் இப்பொறி அளவறிந்து இயக்கப்பட வேண்டியது. கல் நசுக்கும், அலகோ வெட்டும். இடைவிடாது சுழற்றின் காற்றுப் புகுந்து துவையல் நுரைத்து வெளிறும், நீர்த்தும் போகும். ஆகவே, கைதேர்ந்தோர் உள்ளியையும் மிளகாயையும் வெங்காயத்தையும் முதலில் நறுக்கி, விதையும் மிகுநீரும் நீக்கிய தக்காளியைப் பின்னர் இட்டு, விட்டுவிட்டுச் சில முறையே இயக்குவர். விரைவு பொறியின் இயல்பு. நிறுத்துமிடம் அறிதல் மனிதரின் கடமை.

அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கேயர் வணிகத்தின் வழியே கீழைநாடுகளை அடைந்த மிளகாயே இலங்கைச் சம்பலுக்கும் உயிர். அவ்வகையில் மெக்சிக்கோவின் அரைகல்லும் இந்நாட்டு அம்மியும் தூரத்து உறவினவே. அம்மி அயர்ந்த கைகளுக்கு மின்பொறி ஓய்வளிப்பது நன்றே. எவ்வளவு அரைத்தாற் போதும் என்று அக்கைகள் கண்டறிந்த பக்குவம் மட்டும் கல்லோடு ஒழிந்துவிடலாகாது.